விவரம் மாறினால் சொன்னது பொய்யா? நினைவு உருவாகும், மாறும், தவறும் விதம்

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது 1995 ஒக்டோபர் 30ஆம் திகதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். போர் நெருங்கி வர, யாழ் நகரத்தையும் அயலையும் கொண்ட வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்த நாள் அது. நாலு இலட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. செம்மணி வீதியும் நாவற்குழிப் பாலமும் ஆட்களால் அடைபட்டுக் கிடந்தன, மழையும் பெய்தது. இதுவரை எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்கும். வெளிக்கிடச் சொன்ன ஒலிபெருக்கி அறிவித்தல் பின்னேரம் வந்தது என்பார் பெரியம்மா. இல்லை, விளக்கு வைத்துச் சாப்பிட்ட பிறகுதான் என்பார் சித்தப்பா. தையல் மெசினைக் கொண்டு போனோம் என்பார் ஒருவர். அதைக் கிணற்றடியில் விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம் என்பார் மற்றவர். இருவரும் ஒரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள். இருவரும் கோயிலில் சத்தியம் செய்யவும் தயாராக இருப்பார்கள்.

இதில் பொய் சொல்பவர் எவரும் இல்லை. நாங்கள் ஒன்றை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் மூளை அதை மீண்டும் கட்டியெழுப்புகிறது. கட்டும்போது சில துண்டுகள் விடுபடும், சில துண்டுகள் வேறெங்கிருந்தோ வந்து சேரும். ஆகவே விவரம் மாறுகிறது என்பதற்காக ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டுவது பிழை. அடித்துச் சொல்கிறார் என்பதற்காக எல்லாம் அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்வதும் பிழை.

இது உலகத்தில் எல்லாருக்கும் பொருந்தும். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளும் தேவை எங்களுக்குக் கூடுதலாக இருக்கிறது என்று நினைக்கிறேன். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாண அல்பம், பள்ளிக்கூட றிப்போட் என்று வீட்டுக்கு வீடு எத்தனையோ போயின. கடதாசி இல்லாத இடத்தில் சனத்தின் ஞாபகம்தான் சாட்சியாக நிற்கிறது. மாவட்டச் செயலகமான கச்சேரியிலும், ஆணைக்குழு முன்னாலும், வெளிநாட்டுக் குடிவரவு அலுவலகங்களிலும் எங்கள் ஆட்கள் அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று பேசுபவருக்கும் தெரிய வேண்டும், கேட்பவருக்கும் தெரிய வேண்டும்.

நினைவைப் பற்றிய இன்றைய அறிவில் பெரும் பங்கு ஒரே ஒரு மனிதரால் கிடைத்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் உட்புறமாக இருக்கும் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். அதில் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும் பகுதியும் போய்விட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு நடந்த எதுவும் ஹென்றியின் மனதில் தங்கவில்லை. சாப்பிட்டு முடித்ததை மறந்துவிடுவார். பல வருடங்களாக அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. சிறுவயது ஞாபகங்கள் மட்டும் இருந்தன. பேச்சும் புத்திக்கூர்மையும் கெடவில்லை. 2008இல் தனது 82ஆவது வயதில் இறக்கும்வரை அவர் அப்படியே வாழ்ந்தார்.

மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் தன் கையைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கு இடையில் பென்சிலால் வரைய வேண்டும். எவருக்கும் முதலில் கை தடுமாறும். ஹென்றிக்கும் தடுமாறியது. மூன்று நாட்களில் அவர் மற்றவர்களைப் போலவே நன்றாக வரையப் பழகிவிட்டார். ஆனால் அதற்கு முன் அப்படி வரைந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை! கைக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியாது. நினைவு என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்வதற்குள் வேறு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன என்பது இதனால் தெளிவானது. சைக்கிள் ஓட்டுவதும் தேங்காய் துருவுவதும் ஓர் ஏற்பாடு. நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள் என்பது வேறோர் ஏற்பாடு. இரண்டாவதுக்கு ஹிப்போகாம்பஸ் இல்லாமல் முடியாது.

சரி, அந்த ஹிப்போகாம்பஸ் என்ன செய்கிறது? நல்லூர்த் திருவிழாவில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். சத்தம் மூளையின் ஓர் இடத்தில், நிறம் இன்னோர் இடத்தில், கற்பூர வாசம் வேறோர் இடத்தில் பதிகிறது. இவை எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடந்தவை என்று இணைத்து வைப்பது ஹிப்போகாம்பஸின் வேலை. இந்த இணைப்பு நரம்புக்கலங்களுக்கு இடையே நடக்கிறது. ஒன்றாகத் தூண்டப்படும் கலங்களுக்கு இடையிலான தொடர்பு பலப்படும் என்று கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் எழுதினார். 1973இல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயலின் மூளையில் அந்தப் பலப்படுதலை மின்சாரத்தால் உண்டாக்கி அளந்து காட்டினார்கள். சில நிமிட நினைவுக்கு ஏற்கனவே உள்ள தொடர்புகளில் இரசாயன மாற்றம் போதும். நாட்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் கலம் புதிய புரதம் செய்து தொடர்பையே புதுப்பிக்க வேண்டும். கடல் நத்தை ஒன்றின் நரம்புகளில் இதை விளக்கிக் காட்டிய எரிக் கண்டலுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

அதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. பகலில் நடந்ததை மூளை நித்திரையில் திரும்பவும் ஓட்டிப் பார்க்கிறது. எலி பகலில் ஓடிய பாதைக்குரிய நரம்புக்கலங்கள் அது நித்திரை கொள்ளும்போதும் சேர்ந்து துடிப்பதை 1994இல் வில்சனும் மக்னோட்டனும் பதிவு செய்தார்கள். இப்படித் திரும்பத் திரும்ப ஓடி ஓடித்தான் ஒரு நினைவு மெல்ல மெல்ல மூளையின் மேற்பட்டையில் ஊன்றுகிறது. ஏ.எல் சோதனைக்கு முதல் நாள் விடிய விடிய முழித்திருந்து படிக்கும் பிள்ளை இந்த வேலையைத்தான் மூளையிடமிருந்து பறித்துவிடுகிறது.

பிள்ளைகளின் படிப்பைத் தொட்டுவிட்டதால் மனனம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மண் மனனத்தைக் கொண்டாடிய மண். திண்ணையில் இருந்து நிகண்டும் தேவாரமும் ஒப்புவித்த தலைமுறைகள் உண்டு. வடமராட்சி மேலைப்புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை பல பேர் பல பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் கேட்பதை எல்லாம் மனதில் வாங்கி முறைப்படி விடை சொல்லும் அவதானக் கலையில் பேர் பெற்று, சதாவதானி என்றே அழைக்கப்பட்டவர், 1907இல் காலமானார். அப்படிப்பட்ட ஆற்றல் தெய்வ வரம் என்று சொல்லி விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. யாப்பு, எதுகை, வரிசை, இடம் என்று விவரங்களை ஏதோ ஒன்றில் மாட்டி வைக்கும் பயிற்சி அதற்குப் பின்னால் இருக்கிறது. எதிலும் மாட்டாத விவரம் நிற்காது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதன் பிறகு மறக்கும் வேகம் குறைந்துகொண்டு வந்தது.

மறதியின் அந்தச் சரிவைத் தடுக்கச் சிறந்த வழி திரும்பத் திரும்ப வாசிப்பது என்றுதான் பலர் நம்புகிறார்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட பரிசோதனை வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரு பந்தியை இரண்டு தரம் வாசித்தவர்களையும், ஒரு தரம் வாசித்து அடுத்த தரம் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது இரண்டு தரம் வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். ரியூசனில் கொடுத்த நோட்ஸை மஞ்சள் பேனையால் கோடிட்டு வாசித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குக் கொப்பியை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள். பழைய காலத்து ஒப்புவித்தலில் இருந்த பலமும் அதுதான்.

இனி, நினைவு எப்படி மாறுகிறது என்பதற்கு வருவோம். என் பார்வையில் இந்த விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊர்களில் காத்தவராயன் கூத்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கதை ஒன்றுதான், மெட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு இருக்கும் ஆட்களை வைத்து, அன்றைய சபையைப் பார்த்து, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அதைப் புதிதாக மேடை ஏற்ற வேண்டும். போன வருடம் சேர்த்த ஒரு வசனம் நன்றாக எடுபட்டிருந்தால் அடுத்த வருடம் அது கூத்தின் பகுதியாகவே ஆகிவிடும். நினைவும் இப்படித்தான் மேடை ஏறுகிறது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயருக்கு வாசிக்கக் கொடுத்து, பிறகு பல தடவை திரும்பச் சொல்ல வைத்தார். சொல்லச் சொல்ல விளங்காத பகுதிகள் கழன்றன. தோணியும் வேட்டையும் அவர்களுக்குப் பழக்கமான படகாகவும் மீன்பிடியாகவும் மாறின. தங்களுக்குத் தெரிந்த உலகத்துக்குப் பொருத்தமாகக் கதையை அவர்கள் அறியாமலே திருத்திவிட்டார்கள். 1932இல் அவர் எழுதிய இந்த முடிவு இன்றுவரை நிற்கிறது.

கேள்வி கேட்கும் விதமும் நினைவைத் திருத்தும். எலிசபெத் லோஃப்டஸும் ஜோன் பாமரும் 1974இல் மாணவர்களுக்கு வாகன விபத்துப் படத் துண்டுகளைக் காட்டினார்கள். “கார்கள் நொருங்க மோதியபோது என்ன வேகம்?” என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றார்கள். “ஒன்றையொன்று தொட்டபோது” என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். பார்த்தது ஒரே படம். இன்னொரு பரிசோதனையில், ஒரு கிழமை கழித்து, “உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?” என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. ஆனாலும் நொருங்கிய மோதல் என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். சாதாரணமாக இடித்ததாகக் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். பொலிஸ் விசாரணையில், நீதிமன்றத்தில், பேட்டியில், ஏன், வீட்டில் பிள்ளையிடம் நடந்ததைக் கேட்கும்போதுகூட எங்கள் கேள்வியே பதிலுக்குள் போய் உட்கார்ந்துவிடக்கூடும்.

மூளையின் அளவிலும் இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒரு சத்தத்தைக் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று பழகிய எலிக்கு அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கச் செய்து, நினைவு கிளம்பிய உடனே, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியில் புரத உற்பத்தியை மறிக்கும் மருந்தைக் கரீம் நாடரும் அவருடைய சகாக்களும் செலுத்தினார்கள். அடுத்த நாள் எலிக்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. நினைவைக் கிளப்பாமல் மருந்து கொடுத்தபோது பயம் அப்படியே இருந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான இந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. நினைவூட்டப்பட்ட நினைவு சிறிது நேரம் இளகி நிற்கிறது. மறுபடி இறுக வேண்டும். அந்த இடைவெளியில் அது மாறலாம் அல்லது பலவீனப்படலாம். எல்லா நினைவும் எல்லா நேரமும் இப்படி இளகுவதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆழப் பதிந்த பழைய நினைவு இலேசில் அசையாது.

அடுத்தவரின் நினைவு எங்கள் நினைவாவதும் உண்டு. 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த ஒருவர் இன்று அந்தப் பொதி விழுந்த காட்சியைக் கண்ணால் கண்டது போல விவரித்தால் வியக்க வேண்டியதில்லை. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பொதுவாகப் பெரியவர்களின் ஞாபகத்தில் இருப்பதில்லை. ஆனால் அம்மா சொன்ன கதையும், பத்திரிகையில் வந்த படமும், அண்ணன் காட்டிய இடமும் சேர்ந்து ஒரு காட்சியாகிவிடும். காட்சி மனதில் இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு மட்டும் இருக்காது. லோஃப்டஸும் பிக்கிரெலும் 1995இல் 24 பேரிடம், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோன கதையைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதை முழுவதுமோ ஓரளவோ ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்.

“சின்ன விஷயம் மறக்கலாம், ஆனால் அந்த நாளை மறப்பேனோ?” என்று கேட்பவர்கள் உண்டு. நூலகம் எரிந்த இரவில் எங்கே நின்றோம், யார் வந்து சொன்னார்கள், வானம் எப்படிச் சிவந்திருந்தது என்று அந்தத் தலைமுறையினர் சொல்வதைக் கேட்டால் நேற்று நடந்தது போலத்தான் இருக்கும். இப்படிப்பட்ட பெரிய அதிர்ச்சிகளின் நினைவையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்தது. மறுநாள் காலையே அட்லாண்டாவில் உல்ரிக் நைசர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருடம் கழித்து அதே கேள்வியை 44 பேரிடம் திரும்பக் கேட்டபோது பலருடைய கதை அடியோடு மாறியிருந்தது. வகுப்பில் வாய்வழியாகக் கேட்டேன் என்று அன்று எழுதியவர், விடுதியில் தொலைக்காட்சியில் பார்த்தேன் என்று உறுதியாகச் சொன்னார். அவர்களுடைய பழைய கையெழுத்தையே காட்டியும் அந்த முதல் நினைவு திரும்பவில்லை. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டலரிக்கோவும் ரூபினும் 54 மாணவர்களிடம் தாக்குதல் செய்தி பற்றியும், அந்த நாட்களின் சாதாரண நிகழ்ச்சி ஒன்றைப் பற்றியும் கேட்டுப் பதிந்தார்கள். மாதங்கள் போகப் போக இரண்டு நினைவுகளும் ஒரே அளவில் தேய்ந்தன. தாக்குதல் பற்றிய நினைவில் மட்டும் நம்பிக்கை குறையவே இல்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த மாணவர்கள் எவரும் விண்ணோடம் வெடிக்கவில்லை என்று சொல்லவில்லை. பிழையாகிப் போனது, செய்தியை எங்கிருந்து, யாரோடு, எப்போது கேட்டோம் என்பது. நினைவு மாறும் என்ற அறிவியலை எடுத்துக்கொண்டு, அப்படியானால் நடந்ததெல்லாம் கற்பனை என்று வாதிட வருபவர்களுக்கு இதுதான் பதில். ஆயிரம் பேருடைய மணிக்கணக்கு முரண்படலாம். ஆயிரம் பேரும் வீட்டை விட்டு வெளிக்கிட்டதில் முரண்பாடு இல்லை.

பயத்தில் பதியும் நினைவு இன்னும் வேறு மாதிரி. செல் (எறிகணை) விழும் நேரத்தில் உடம்பு முழுவதும் அட்ரினலின் பாய்கிறது. அமிக்டலா உச்சத்தில் நிற்கிறது. நிகழ்வின் நடுவில் இருப்பது — விழுந்த இடம், ஒரு முகம், ஓர் அலறல் — கூர்மையாகப் பதியும். சுற்றி இருந்தவை, முன்பின் வரிசை, எத்தனை நிமிடம், என்ன திகதி என்பவை மங்கலாகப் பதியும், சிலவேளை பதியாமலே போகும். பிறகு அந்த நினைவு கேட்காமலே வரும். வெடி கொளுத்தும் சத்தம், டீசல் மணம், ஹெலிகொப்டர் இரைச்சல் போதும். உடம்பு அந்த நாளுக்கே போய்விடும். மணத்துக்கு இதில் தனி இடம் உண்டு. மூக்கிலிருந்து வரும் செய்தி மற்றப் புலன்களைவிட நேரடியாக அமிக்டலாவுக்கும் ஹிப்போகாம்பஸின் அயலுக்கும் போய்ச் சேர்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் போர் எங்கள் சனத்தின் மனதில் விட்ட காயங்களைப் பற்றிப் பல வருடங்கள் ஆராய்ந்து எழுதியவர். அந்தக் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பாதிக்கிறது என்பதை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியிருக்கிறார்.

இப்படிப் பதிந்த நினைவை வைத்துக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் அதிகாரிகள் முன்னால் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும், ஒவ்வொரு அலுவலகத்துக்கும், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். லண்டனிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ தஞ்சம் கேட்டவரை முதலில் ஒரு தடவையும், பல மாதம் கழித்து இன்னொரு தடவையும் விசாரிக்கிறார்கள். முதலில் “விடிய நாலு மணி” என்றார், இப்போது “இரவு” என்கிறார். முதலில் மூன்று பேர் வந்தார்கள் என்றார், இப்போது நாலு பேர் என்கிறார். இப்படிப்பட்ட வித்தியாசங்கள் நம்பகமில்லை என்ற முடிவுக்குக் காரணமாகின்றன.

இதை நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜேன் ஹெர்லிஹியும் சகாக்களும், பிரித்தானியாவில் தங்கும் அனுமதி ஏற்கனவே கிடைத்திருந்த கொசோவோ, பொஸ்னியா அகதிகளை இரண்டு தடவை பேட்டி கண்டு 2002இல் வெளியிட்டார்கள். அனுமதி கையில் இருந்ததால் பொய் சொல்ல அவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு பேட்டிகளுக்கும் இடையே முரண்பாடுகள் வந்தன. நிகழ்வின் மையத்தைவிட ஓரத்தில் இருந்த விவரங்களில் அவை கூடுதலாக வந்தன. மன அதிர்ச்சியின் பாதிப்பு அதிகமாக இருந்தவர்களிடம், பேட்டிகளுக்கு இடையிலான காலம் நீள நீள முரண்பாடும் கூடியது. அதாவது யார் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கிறார்களோ அவர்களைத்தான் இந்த அளவுகோல் பொய்யராக்குகிறது. இது அநியாயம். முகமும் சம்பவமும் மாறாமல் இருக்க, மணிக்கூடு மட்டும் மாறுவது நினைவின் இயல்பு. எந்த வித்தியாசமும் இல்லாமல் ஒவ்வொரு தடவையும் சொல் மாறாமல் வரும் கதை பாடமாக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இராது. உறுதியாகச் சொல்லும் சாட்சி ஒருவரின் வாழ்க்கையை அழிக்கலாம். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று பிறகு விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில், நேரில் கண்ட சாட்சி ஒருவர் பிழையான ஆளை அடையாளம் காட்டியிருந்தார். அந்தச் சாட்சிகளில் பலர் மனமறிய நேர்மையானவர்கள்.

வயதோடு வரும் மறதியைப் பற்றிச் சுருக்கமாக. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுவதும், தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நிற்பதும் எல்லாருக்கும் வரும். மூக்குக்கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமல் போனாலோ, பிறந்து வளர்ந்த ஒழுங்கையில் வழி தவறினாலோ அது நோய். 1906இல் ஜேர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த நோயில், ஹிப்போகாம்பஸும் அதன் அயலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. அதனால்தான் காலையில் யார் வந்தது என்று தெரியாத அம்மம்மா ஐம்பது வருடத்துக்கு முந்திய கலியாணத்தைச் சொல்வார், தேவாரத்தை வரி தவறாமல் பாடுவார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த முதியவர் ஒருவர், இடிந்துபோன வீட்டுக்குப் போக வேண்டும் என்று பின்னேரமானதும் வாசலில் வந்து நிற்பார். “அது இப்ப இல்லை அப்பு” என்று ஒவ்வொரு நாளும் திருத்தினால், ஒவ்வொரு நாளும் அவர் அந்த வீட்டைப் புதிதாக இழக்க வேண்டியிருக்கும். அந்த வீட்டு முற்றத்தில் என்ன மரம் நின்றது என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிடுவார்.

இதில் ஒரு முக்கிய விஷயம்: “அறளை பெயர்ந்திட்டுது” என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகள், விற்றமின் பி12 குறைவு எல்லாம் மறதியைத் தரும்; இவற்றுக்கு வைத்தியம் உண்டு. பி12 இயற்கையில் விலங்கு உணவில்தான் கிடைக்கிறது. வருடக்கணக்காகச் சைவ உணவு மட்டும் சாப்பிட்டு வந்த முதியவர்கள் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை ஒன்று போதும்.

நூலகம் எரிந்த இரவில் இருபது வயதாக இருந்தவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து இணையத்தில் வைத்து வருகிறது. வாய்மொழி வரலாறுகளையும் பதிகிறது. வீட்டில் உள்ளவர்களின் ஞாபகத்தைப் பதிவது எங்கள் கையில். கைபேசி போதும். ஆளுக்கு ஆள் தனித்தனியாக இருத்திக் கேளுங்கள். எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டால் சத்தமாகப் பேசுபவரின் நினைவே எல்லாருடைய நினைவாகிவிடும். “அண்டைக்கு மழைதானே?” என்று கேட்காமல் “அண்டைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சொல்லி முடிந்த பிறகு, எதைத் தானே கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார் என்று பிரித்துக் கேளுங்கள். திகதி தடுமாறினால் நெருக்காதீர்கள். அந்த வருடம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னா பின்னா, பிள்ளை அப்போது எத்தனையாம் வகுப்பு என்று கேட்டால் தானாக வரும். முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் வேறுபட்டால் ஒன்றை அழிக்க வேண்டாம், இரண்டையும் வைத்திருங்கள். அழத் தொடங்கினால் பதிவை நிறுத்துங்கள், மிச்சத்தை இன்னொரு நாள் கேட்கலாம். சேமிக்கும்போது அவருடைய பெயரோடு, கேட்ட திகதியையும் அப்போது கூட இருந்தவர்கள் யார் என்பதையும் எழுதி வையுங்கள். பின்னால் இதைப் படிப்பவர், சொன்னதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நிதானிக்க அந்த இரண்டு விவரங்களும் வேண்டும்.